சத்தம் வைக்காமல் பார்த்த படம்

மேரு,
8 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அத்தை தூங்கும்போதும் ஒரு காது விழித்திருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போர்வைக்குள் லேப்டாப் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கார்த்திகா சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேலும் அவள் வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். பிலோமினா அத்தை என் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியதிலிருந்து எனக்கு வேறு வழி இல்லை. "அம்மாகிட்ட பேசணும்னா அப்பாகிட்ட கேட்டுட்டு பேசு" என்கிறார். அப்பாவிடம் எப்படிக் கேட்பது? அவரைப் பார்த்தாலே நீங்கள் போன அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

நம் வீட்டில் சண்டை எல்லாம் காருக்குள்தானே நடக்கும். பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்டுவிடும் என்று இரண்டு பேரும் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, சில்லென்று ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். அன்றைக்கும் கார் கேட்டைப் பார்த்தபடி நின்றது. நான் மாடி ஜன்னலில் நின்றேன். அப்பா உங்கள் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். நீங்கள் கதவைத் திறந்து இறங்கினீர்கள். பிறகு பை, பிறகு டாக்சி. நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது. எட்டு மாதமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறேன், முடித்ததும் முதல் ஆளாக எழுந்துவிடுகிறேன்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஆங்கிலப் பாடம் எடுக்கும் ஷபானா டீச்சர், நூறு வருஷத்துக்கு முந்தைய ஹாலிவுட் ஊமைப் படம் ஒன்றைப் பார்த்து அபிப்பிராயம் எழுதி வரச் சொன்னார். வகுப்பே முனகியது. எனக்கு மட்டும் சந்தோஷம். சத்தமே இல்லாத படம்! அத்தையின் காதுக்கு எட்டாது.

என் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் ஓர் ஒல்லி மனிதர். ஏணியிலிருந்து விழுகிறார். அவர் மேல் மாவு மூட்டை விழுகிறது. போலீஸ்காரர் துரத்துகிறார். எத்தனை முறை விழுந்தாலும் எழுந்ததும் தொப்பியைத்தான் தட்டுகிறார், முட்டியைப் பார்ப்பதே இல்லை. எல்லாரும் பொம்மை மாதிரி வேக வேகமாக நடக்கிறார்கள். மேரு பஸ் அந்த வேகத்தில் வந்தால் நான் ஒரு நாளும் பள்ளிக்குப் பிந்த மாட்டேன். பெண்கள் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறார்கள். விழுவதற்கு முன்னால் நாற்காலி எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள், நான் கவனித்தேன்.

தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன் அம்மா. காலையில் அத்தை, "என்னடி ஷார்மைன், ராத்திரி கட்டில் ஆடுச்சு? கணக்குப் பாடம் ஜோக்கு சொல்லுச்சா?" என்று கேட்டார். இன்னொரு இட்லியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

படத்தின் பெயரை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்களும் பாருங்களேன். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்தால், பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும்.

இது பத்திரமாக வந்து சேர வேண்டுமே என்ற கவலையோடு,
உங்கள் மகள்
ஷார்மைன்


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஜூலை 2025

என் செல்ல ஷார்மிக்கு,

உன் கோணல் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. அத்தை சமைப்பதில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், கேட்டுப் போட்டுக்கொள்.

படத்தைப் பார்த்தேன். பிளவுஸ் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் போட்டேன். கூடத் தைக்கும் ரமணி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன பிள்ள, போன்ல சத்தம் கெட்டுப் போச்சா? கீழ நிஜாம் கடையில குடு லா, பத்து நிமிசத்துல செஞ்சி குடுப்பான்" என்றார். ஊமைப் படம் என்று சொன்னேன். "பேசாதவனுங்களப் பாக்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், இது வேறயா?" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கண் எல்லாம் துணியில்தான் போனது. அந்த ஒல்லி மனிதரின் காற்சட்டை வேண்டுமென்றே பெரிதாகத் தைத்தது. அப்படித் தைத்தால்தான் விழும்போது காற்று போய்ப் பொங்கும், சிரிப்பு வரும். முதலாளியின் மகள் போட்டிருக்கும் கவுனில் இடுப்பே இல்லை. அந்தக் காலத்து நாகரிகம் போல. அளவெடுக்கச் சுலபம்.

ஷார்மி, உன் அப்பாவோடு இருந்த பதினெட்டு வருஷமும் எனக்கு ஊமைப் படம்தான். இந்தப் படத்திலாவது நடுநடுவே எழுத்து வந்து, யார் என்ன சொன்னார்கள் என்று காட்டுகிறது. உன் அப்பா அந்த எழுத்தையும் காட்டமாட்டார். ஒன்று கேட்டால் அத்தைதான் பதில் சொல்வார்.

காரில் நடந்ததை எழுதியிருந்தாய். நீயே உன் கண்ணால் பார்த்துவிட்டாய், அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பயந்துகொண்டே ஒரு பிள்ளை ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. அதைத்தான் ஓயாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த படத்தின் பெயர் உறைக்குள் இருக்கிறது. ரமணி அக்கா தேர்ந்தெடுத்தது. ரயில் ஸ்டேஷன் வரும் என்றார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா


மேரு,
23 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

டீச்சர் என் கட்டுரையை வகுப்பில் வாசித்தார். நாற்காலியைப் பார்த்து மயங்குவதைப் பற்றி எழுதியதற்கு எல்லாரும் சிரித்தார்கள். கார்த்திகாதான், "ஊமைப் படம் பாத்து இவளும் பேசுறத நிப்பாட்டிடப் போறா" என்று கிண்டல் செய்தாள்.

ஸ்டேஷன் படத்தைப் பாதிதான் பார்த்தேன். பனி பெய்யும் ஊர். ஒரு பெண் தினமும் விளக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறாள். ரயில் வருகிறது. யார் யாரோ இறங்குகிறார்கள். அவள் கணவன் இறங்கவில்லை. இது ஒரு தடவை என்றால் பரவாயில்லை, மறுபடி மறுபடி அதையே காட்டுகிறார்கள். முதலில் எனக்குச் சலிப்பாக இருந்தது. பிறகு, அடுத்த தடவை ரயில் வரும்போது நானும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. இந்தப் படங்களில் கடிதம் வந்தால் திரை முழுக்கக் கடிதத்தையே காட்டுகிறார்கள். நான் ஆங்கிலம் மெதுவாக வாசிப்பவள், எனக்கே வாசித்து முடிக்க நேரம் கொடுக்கிறார்கள். கடிதம் வந்தால் ஒன்று மார்போடு அணைக்கிறார்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுகிறார்கள். யாரும் சரித்திரப் புத்தகத்துக்குள் ஒளித்து வைப்பதில்லை.

அந்த இடத்தில்தான் அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் லோரியை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். என் அறை வாசலில் காலடி நின்றது. லேப்டாப்பை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. அவர் எதற்கு நின்றார்? ஏன் எதுவும் சொல்லாமல் போனார்? அதற்குப் பிறகு படத்தைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கணவன் வந்தானா இல்லையா என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள். என்றைக்காவது நானே பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா, இங்கே இருக்கவே முடியவில்லை. படிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. யோசிக்கிறேன் என்று எழுதினீர்களே, என்ன யோசித்தீர்கள்?

உங்கள் மகள்
ஷார்மைன்


பிரிக்பீல்ட்ஸ்,
30 ஜூலை 2025

என் தங்கத்துக்கு,

யோசித்து முடித்துவிட்டேன். செப்டம்பர் பதிமூன்றாம் தேதி, சனிக்கிழமை, உனக்குப் பள்ளி விடுமுறை ஆரம்பிக்கிறது. அன்றைக்குக் கார்த்திகா வீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வா. மேருவிலிருந்து பஸ்ஸில் கிள்ளான், அங்கிருந்து ரயில். நான் இங்கே பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்பேன். விடுமுறைக்கு என்று வந்து, அப்படியே இருந்துவிடு. இங்கே பக்கத்தில் பள்ளி இருக்கிறது, விசாரித்துவிட்டேன். என் அறை மூன்றாம் மாடியில். சின்னதுதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரியும். உனக்கு என்று ஒரு மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

நீ வந்து சேர்ந்த பிறகு அப்பாவுக்கு நான் தகவல் சொல்லிக்கொள்கிறேன். முன்னாலேயே சொன்னால் விடமாட்டார்கள். பையில் இரண்டு நாள் துணி மட்டும் வை, சந்தேகம் வராது.

ஸ்டேஷன் படத்தின் முடிவை நான் சொல்லவில்லை, பயப்படாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண் கடைசியில் போட்டு வரும் நீளக் கோட்டு இருக்கிறதே, அதையே இன்னொரு படத்தில் ஒரு பணக்காரி போட்டிருக்கிறாள். கழுத்தில் மட்டும் ரோமம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கைப் பக்கம் தையல் அதேதான். ரமணி அக்காவிடம் காட்டினேன். "அட, ஹாலிவுட்காரனும் நம்மள மாதிரி பழசப் பிரிச்சித் தைக்கிறவன்தானா" என்றார்.

அந்தப் பணக்காரி வரும் படத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். இது பேசும் படம். படங்கள் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்ததாம். என் அபிப்பிராயம், பேச ஆரம்பித்ததும் படம் கெட்டுப்போய்விட்டது. அதுவரை ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு பூ ஜாடியைச் சுற்றி நின்றுகொண்டு பேசுகிறார்கள். மைக்கை அதற்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் போல. ஆனால் உடை அழகு. நீ பார்.

காத்திருக்கும்
அம்மா


மேரு,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பதிமூன்றாம் தேதியைக் காலண்டரில் குறிக்கக்கூட பயமாக இருக்கிறது. அத்தை பார்த்துவிடுவார். இங்கே இருக்கவும் பயம், வருவதற்கும் பயம். வருகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

பணக்காரி படத்தைப் பார்த்தேன். பேசும் படம் என்று எழுதினீர்கள், சத்தம் வைத்தால் அத்தை வந்துவிடுவாரே? இயர்போன் என் போனோடு அலமாரிக்குள் இருக்கிறது. அதனால் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். கீழே எழுத்தும் வரவில்லை. இருந்தாலும் கதை நன்றாகப் புரிந்தது. முத்து மாலை தொலைந்துவிடுகிறது. கணவனுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம். பெரிய கூடத்தில் அவளை நிறுத்தி வைத்துப் பேசிப் பேசிக் கொல்கிறான். கடைசியில் கையை ஓங்குகிறான்! அவள் நடுங்கிப்போய் மழையில் வெளியே ஓடுகிறாள். நல்ல வேளை, தப்பித்தாள் என்று நினைத்தேன். பார்த்தால், முடிவில் அவனிடமே திரும்பி வந்து சிரிக்கிறாள்! எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தக் கதையை எழுதியவர்களுக்கு மூளையே இல்லை. இதுதான் என் அபிப்பிராயம்.

இன்னொன்று நடந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யூடியூபில் நாம் படம் எதுவரை பார்த்தோமோ அதுவரை அடியில் சிவப்புக் கோடு இருக்கும் இல்லையா? ஸ்டேஷன் படத்தை நான் பாதியில் விட்டேன். நேற்றுப் பார்த்தால் கோடு முடிவுவரை போயிருக்கிறது. ரொட்டிக் கடைப் படத்தின் கோடு பாதியில் நிற்கிறது, யாரோ அதை மறுபடியும் முதலிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

கார்த்திகாவிடம் சொன்னேன். "லேப்டாப்புல யாரு ஈமெயில் போட்டிருக்கே?" என்று கேட்டாள். அப்பாவுடையது என்றேன். "அப்ப நீ பாக்குறது எல்லாம் உங்கப்பா போன்லயும் வரும் லா, மக்கு!" என்றாள்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது அம்மா. நான் இரவில் விழித்திருப்பது தெரியும். கேட்கவில்லை. சாப்பிடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், பிறகு குழம்பை ஊற்றிக்கொள்கிறார். அவர் எதற்காகப் பார்க்கிறார்? என்னைக் கண்காணிக்கிறாரா? எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று விரலை வைத்தேன். அழித்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எடுத்துவிட்டேன்.

நடுக்கத்தோடு,
ஷார்மைன்


பிரிக்பீல்ட்ஸ்,
17 ஆகஸ்ட் 2025

என் செல்லத்துக்கு,

நீ எழுதிய கதையை ரமணி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார், எங்கே குத்திக்கொள்வாரோ என்று பயந்துவிட்டேன். அடி பைத்தியமே, நீ பார்த்தது வேறு படம்!

அந்தக் கணவன் தங்கமானவன். மாலையை எடுத்தது கூடவே சுற்றும் அவன் மாமன்காரன். ஊரே அவளைத் திருடி என்கிறபோது, அவன் ஒருவன்தான் அவளை நம்புகிறான். கூடத்தில் நிறுத்தி வைத்துப் பேசுகிறானே, "போகாதே, நீ போனால் அவர்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும்" என்று கெஞ்சுகிறான். கையை ஓங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சத்தியம் செய்யும்போது வலது கையை உயர்த்துவார்கள் இல்லையா, அதுதான். அவள்தான் அவமானத்தில், அவன் சொல்வதைக் காதில் வாங்காமல் ஓடுகிறாள். சத்தம் வைக்காமல் பார்த்தால் இப்படித்தான், நல்லவன் கெட்டவனாகத் தெரிவான்.

சிவப்புக் கோட்டை நினைத்துப் பயப்படாதே. அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்கிற ஆள் இல்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுவரை படம் பார்க்காமல் இரு. பள்ளிக்கூடச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள். அப்பாவின் அறையில் மர அலமாரியின் மேல் தட்டில் இருக்கும்.

மேசைக்கு நீல நிறத்தில் விரிப்பு தைத்திருக்கிறேன்.

அன்போடு
அம்மா


மேரு,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னக் கடிதம்தான் இது. அத்தைக்கு இருமல், அடிக்கடி எழுந்திருக்கிறார்.

சான்றிதழ்களை இன்னும் எடுக்கவில்லை. அப்பாவின் அறைக்குள் போனேன். அலமாரியைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிய அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சத்தம் வைக்காமல் பார்த்தால் நல்லவன் கெட்டவனாகத் தெரிவான். அம்மா, நான் அன்றைக்கு மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததும் சத்தம் இல்லாமல்தானே? கண்ணாடி ஏற்றியிருந்தது. ஏர்கோன் ஓடியது. எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்பாவின் ஒரு கை மேலே வந்தது மட்டும்தான் தெரிந்தது.

நீங்கள் காருக்குள் இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும். அப்பா உங்களை அடிக்க வந்தாரா? அவர் என்ன சொன்னார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஷார்மைன்


பிரிக்பீல்ட்ஸ்,
1 செப்டம்பர் 2025

என் கண்ணே ஷார்மி,

தேசிய தினத்துக்குக் கடை இரண்டு நாள் அடைப்பு. தெருவெல்லாம் கொடி. உன்னோடு பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறைக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டேன். கீழ்த் தெருவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. நீ வந்ததும் முதல் நாள் அங்கேதான். ரமணி அக்கா உனக்காக ஒரு பாவாடை தைத்து வைத்திருக்கிறார். அந்த ரொட்டிக் கடை முதலாளி மகளின் கவுன் மாதிரி இடுப்பே இல்லாமல் தைக்கப் போனார், நான்தான் தடுத்தேன்.

புதிதாக ஒரு படம் பார்த்தேன். கப்பலில் நடக்கும் கதை. எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார்கள், புயல் அடித்தும் ஒரு சட்டையும் கசங்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கேட்டது பெரியவர்கள் விஷயம் மா. பதினெட்டு வருஷத்தை ஒரு தாளில் எழுத முடியாது. நேரில் வந்த பிறகு நிதானமாகப் பேசுவோம். அதையெல்லாம் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. பதிமூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன். வந்துவிடு. வந்துவிடுவாய் இல்லையா?

அம்மா


மேரு,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஹாலில் சாப்பாட்டு மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து நேராக வருகிறது, பாருங்கள். அத்தை தண்ணீர் குடிக்க வந்தார். "யாருக்கு எழுதுற?" என்றார். "அம்மாவுக்கு" என்றேன். கிளாஸை மேசையில் வைத்தார். "பெருசா எழுது. தச்சித் தச்சி அவளுக்குக் கண்ணு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, மீன் வாங்க அத்தை பாசாரில் இறங்கிக்கொண்டார். காரில் நானும் அப்பாவும் மட்டும். கண்ணாடி ஏறியிருந்தது. ஏர்கோன் ஓடியது. கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டேன். நம் வீட்டில் அப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த ஸ்டேஷன் படம். அந்தப் பொம்பள வெளக்க வச்சிக்கிட்டு நிக்கிறாள்ல, அத கடைசி வரைக்கும் பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"பாரு. நல்லா இருக்கு."

"நீங்க எப்ப பாத்தீங்க?" என்றேன்.

"போர்ட்ல லைன்ல நிக்கிறப்போ. கண்டெய்னர் ஏத்துறதுக்குள்ள விடிஞ்சிடுது. பக்கத்து லோரிக்காரன் எட்டிப் பாத்துட்டு, 'என்ன கிரிகரி அண்ணே, சார்லி மாமாவுக்கெல்லாம் ரசிகர் மன்றம் வைக்கப் போறீங்களா'ன்னு சிரிக்கிறான்."

"உங்களுக்கு அந்தப் படமெல்லாம் பிடிக்குமாப்பா?"

"அப்படின்னு இல்ல. நீ பாக்குறியே."

அம்மா, அவர் என்னைக் கண்காணிக்கவில்லை. நான் சிரித்த இடத்தில் அவரும் சிரித்துப் பார்க்க நினைத்திருக்கிறார். அன்றைக்கு என் அறை வாசலில் நின்றதும் அதற்குத்தானாம். ரொட்டிக் கடைப் படத்தன்று கட்டில் ஆடியது அவருக்கும் கேட்டதாம், மறுபடியும் சிரிக்கிறேனா என்று நின்றாராம். உள்ளே வந்தால் நான் சிரிக்கவே மாட்டேன் என்று போய்விட்டாராம்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. "அம்மா போன அன்னிக்கு நான் மேல இருந்து பாத்தேன். நீங்க அம்மாவ அடிக்கக் கை ஓங்குனீங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல் நேராகவே பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். முகத்துக்கு நேராகக் கூப்பினார். "இப்படி" என்றார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால், அம்மா, ஒரு கைதான் தெரிந்தது.

"இருந்துட்டுப் போன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும்னு மெதுவாத்தான் கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அத அவங்கதான் சொல்லணும்."

அவ்வளவுதான். உங்களைப் பற்றி வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய மாதிரியே அவர் பேசத் தெரியாதவர். அத்தை பேசியதையெல்லாம் தடுக்காமல் இருந்தவர். நீங்கள் பட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் போனது தப்பு என்று நான் எழுதவில்லை. ஆனால், நீயே உன் கண்ணால் பார்த்தாய், அதற்கு மேல் நான் என்ன சொல்ல என்று எழுதினீர்கள் இல்லையா? அதற்கு மேல் சொல்ல ஒரு கை இருந்தது, அம்மா. இன்னொரு கை. அதை நீங்கள் நேருக்கு நேராகப் பார்த்தீர்கள்.

பதிமூன்றாம் தேதியைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பையில் இரண்டு நாள் துணி வைப்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். அதற்குள் அத்தை மீன் பையோடு வந்து ஏறிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "பஸ்ல போகாத. நான் கொண்டு போய் விடுறேன்" என்றார்.

நான் சனிக்கிழமை வருகிறேன். தங்குவதற்கு இல்லை. வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, ரமணி அக்கா தைத்த பாவாடையைப் போட்டுக் காட்டிவிட்டு, சாயங்காலம் அப்பாவோடு திரும்பிவிடுவேன். மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். விடுமுறைகளில் வந்து உட்கார எனக்கு வேண்டும். இனிமேல் கார்த்திகா வீட்டுக்கு எழுதாமல் நம் வீட்டுக்கே எழுதுங்கள்.

ஸ்டேஷன் படத்தை நேற்று மதியம் ஹாலில் பார்த்து முடித்தேன். அந்தப் பெண் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவளே ரயிலில் ஏறுகிறாள். போய்ச் சேர்ந்தாளா, அவன் அங்கே இருந்தானா என்று காட்டவில்லை. ரயில் நகர்கிறது, படம் முடிந்துவிடுகிறது. நீங்கள் அவள் போட்டிருந்த கோட்டை மட்டும்தான் பார்த்தீர்கள் போல.

நீங்கள் ஸ்டேஷனில் நிற்க வேண்டாம். பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்குக் கீழேயே வந்துவிடுவோம். அப்பா மேலே வரமாட்டாராம், "நீ போய்ட்டு வா, நான் கீழ நிக்கிறேன்" என்றார். அந்த வெயிலில் எப்படி உட்காருவீர்கள், கண்ணாடியை ஏற்றி ஏர்கோன் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாமாம். கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பாராம்.

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்க்காதீர்கள் அம்மா. அங்கிருந்து ஒன்றும் கேட்காது. கீழே இறங்கி வாருங்கள்.

உங்கள் மகள்
ஷார்மைன்